உப்பு இன்னும் வரவில்லை

மின்விசிறியை நிறுத்துவார். சன்னலைச் சாத்துவார். குழாயை இறுக்கி மூடுவார். ஒரு சொட்டுச் சத்தம்கூட இருக்கக்கூடாது. அதற்குப் பிறகுதான் லிஃப்ட்காரர் போனை எடுத்துச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்துவைத்து, தங்கையின் குரலை ஓடவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் எதிர்வீட்டுச் சமையலறையில் தவறாமல் நடப்பது இது.

"அண்ணா, வெங்காயத்தப் பொடியா நறுக்கு. உன் பொடி இல்ல, என் பொடி" என்கிறது போன்.

"தெரியும், தெரியும்" என்கிறார் இவர்.

"குடைமிளகா, காளான், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே அளவுல இருக்கட்டும். உருளைய மொதல்ல போடு. அது சோம்பேறி, லேட்டாத்தான் வேகும்."

"உன்ன மாதிரி."

பதிவான குரல் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தங்கை திட்டுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடுத்த பதிவைத் தட்டுகிறார். "மிளகு பத்து எண்ணி எடுத்து இடிச்சுக்கோ. தூள் டப்பாவத் தொட்டே, தெரியும் சேதி." பத்து மிளகை உள்ளங்கையில் எண்ணிப் போனிடம் ஒருமுறை காட்டிவிட்டு இடிகல்லில் போடுகிறார்.

செய்வது ஃப்ரிட்டாட்டா. வதக்கிய காய்கறியின்மேல் அடித்த முட்டையை ஊற்றி, கிளறாமல், மூடிபோட்டுச் சிறுதீயில் வேகவிடுவது. வெந்ததும் கேக் மாதிரி துண்டு போடலாம். தங்கை எங்கோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்த பண்டம். அண்ணன் வாயில் அந்தப் பெயர் இன்றுவரை நுழையவில்லை. "தடியாம்லெட்டு" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது தொழில். மற்றவர்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மேலே ஓடும் எண்களைப் பார்ப்பார்கள். இவர் கதவில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "உள்ள என்ன வலின்னு கையில தெரிஞ்சிடும் சார்." எந்தக் கதவின் முன்னும் ஒரு நொடி சும்மா நிற்பார், தானாகத் திறக்கும் என்ற நினைப்பில். என் வீட்டு வாசலிலும் அப்படித்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு மணியை அழுத்துவார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால்தான் இங்கே குடிவந்தாராம். "ஆபீஸயே வீட்டுல வெச்சுக்க முடியுமா?" என்று கேட்டபடி மூன்று மாடி மூச்சுவாங்க ஏறுகிறார்.

போனைப் பற்றி அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. "என் போன் அடிச்சா எங்கயோ ஒண்ணு நின்னுபோச்சுன்னு அர்த்தம் சார். நல்லா ஓடுறப்ப லிஃப்ட்காரன யாரு கூப்பிடுவாங்க?" அதனால் அவரும் யாரையும் சும்மா கூப்பிடுவதில்லை. பழுது என்று ஏதாவது இருந்தால்தான் கூப்பிடுவார். தொழில் அப்படிப் பழக்கிவிட்டது.

அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு கல்யாணம் என்று போகாமல் ஒரே வீட்டில் இருந்துவிட்டவர்கள். அப்பாவுக்கு வைத்தியம், பிறகு அம்மாவுக்கு வைத்தியம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. தங்கை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நாற்பத்தாறு வயதிலும் அவள் அவருக்குப் 'பாப்பா'தான். போன வருஷம் மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்றப் போன இடத்தில், மனைவியை இழந்த கடைக்காரர் ஒருவருக்கு அவளைப் பிடித்துப்போனது. அவளுக்கும் பிடித்திருந்தது. அண்ணனைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்று அவள் அடம்பிடித்தபோது, "போடி, உன் சமையல்ல இருந்து எனக்கும் ரிட்டயர்மெண்ட் வேணும்" என்று இவர்தான் விரட்டிவிட்டார். கண்ணாடிக்காரர் தன் சொந்த ஊரிலேயே புதுக்கடை திறக்க, தங்கை ரயிலில் ஒரு பகல் தூரம் போய்விட்டாள். "கண்ணாடி மாத்தப் போனவ வீட்டையே மாத்திட்டா சார்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நிற்பார்.

போன புதிதில் தங்கை அனுப்பியவைதான் அந்தக் குரல் பதிவுகள். புது வீட்டுச் சமையலறையில் நின்றபடி பேசியிருக்கிறாள். முட்டை அடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு கோளாறு. "ஆறு முட்டை, ரெண்டு ஸ்பூன் பால் ஊத்தி நுரைக்க அடி. அப்புறம் உப்பு..." என்னும்போது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், "ஏம்மா, கடைச் சாவி எங்க?" என்கிறது. "இருங்க, வரேன்" என்பதோடு பதிவு நின்றுவிடுகிறது. அடுத்தது, "அடிச்சாச்சா? இப்ப அடுப்பக் குறை" என்று தொடங்கிவிடுகிறது.

முதல் ஞாயிறு அந்தப் பதார்த்தத்தில் பாதி, தட்டில் மூடப்பட்டு என் வீட்டுக்கு வந்தது. அவள் சொன்ன அளவு இரண்டு பேருக்கானது. அதைப் பாதியாக்க அவருக்கு மனம் வரவில்லை. வாயில் வைத்தால் சப்பென்றிருந்தது.

"உப்பு?" என்றேன்.

"அது இன்னும் வரல சார்" என்றார், வரவேண்டிய உதிரிபாகத்தைச் சொல்வதுபோல.

உத்தேசமாக அரை ஸ்பூன் போடவேண்டியதுதானே என்று கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அளவு தெரியாம கை வெக்கலாமா? உங்க வீட்டுல நீங்க போடுங்க. இது அவ சொன்னது. அவளக் கேட்டுட்டுத்தான் போடணும்."

"அப்ப கேளுங்களேன்."

"கேக்கணும். கேக்கத்தான் வெச்சிருக்கேன்."

வாராவாரம் உப்பில்லாமல் வந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உப்பைத் தூவித் தின்றேன். அந்தக் கேள்வியை அவர் கையிருப்பாக வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. தங்கை அவ்வப்போது கூப்பிடுவாள். "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "ஆச்சு." "மாப்பிள்ளை?" "கடையில இருக்காரு." அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்குப் பேச்சைத் தொடங்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இப்போது தொடங்கத் தெரியவில்லை. "சரி, வெச்சிடட்டா?" என்று முடிந்துவிடும். முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

"சாயங்காலம் கதவத் தெறந்ததும் 'வந்துட்டேன்'னு கொரல் குடுக்கறேன் சார்" என்றார் ஒருநாள். "பழக்கதோஷம். சொன்னப்புறம்தான் ஞாபகம் வருது." தட்டைக் கழுவி அவர் கையில் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு நானும் அவர் சமையலறையில் இருந்தேன். முட்டையை ஊற்றி மூடிபோட்ட நேரத்தில் தங்கையின் அழைப்பு வந்தது. கையெல்லாம் முட்டையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போடும்படி என்னிடம் சொன்னார். சாப்டியா, ஆச்சு, மாப்பிள்ளை எல்லாம் முடிந்து, வழக்கமான மௌனமும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாப்பா, அந்தத் தடியாம்லெட்டுல ஒரு சின்ன பிரச்சன. உப்பு எவ்வளவுன்னு நீ சொல்லவே இல்ல."

"என்னது? அப்ப இத்தன வாரமா?"

"போடல."

போனிலிருந்து வெடித்த சிரிப்பில் சர்க்கரை டப்பாவே அதிர்ந்தது. "லூசா நீ? உப்பில்லாமயா தின்ன? எதிர்வீட்டு சாருக்கு வேற குடுத்தியா? அவரு உன்ன போலீஸ்ல குடுக்கலியா?" பிறகு எந்த வாணலி என்று கேட்டாள். கைப்பிடி ஆடுகிற வாணலியா என்று கேட்டாள். அவளுடைய பச்சைத் துண்டைக் கைப்பிடித் துணியாக்கியது தெரிந்ததும் மூச்சுவிடாமல் திட்டினாள். அவர் முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கட்டிக்கொண்டார். திட்டி ஓய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இங்க எல்லாருக்கும் உப்பு கம்மியா வேணும் அண்ணா. ரொம்ப நல்லவங்கதான். ஆனா நான் சமைக்கறது எனக்கே பிடிக்கல."

"நீ தனியா கொஞ்சம் போட்டுக்கோ பாப்பா."

"போட்டுக்கறேன். போட்டுக்கறப்பல்லாம் உன் ஞாபகம்தான் வருது."

அடுப்பில் அடிப்பிடிக்கும் வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. இருவரும் பேச்சை விடுவதாக இல்லை. நானே எழுந்து அடுப்பை அணைத்தேன். அன்று அடியெல்லாம் கரி. அதைச் சுரண்டிச் சுரண்டி, விருந்து சாப்பிடுகிறவர்போலச் சாப்பிட்டார்.

சாயங்காலமே விடுபட்ட பதிவு வந்துவிட்டது: "அரை ஸ்பூன் உப்பு. முட்டை அடிக்கறப்பவே போட்டுடு, மக்கு."

அடுத்த ஞாயிறு, சொல்லவேண்டியதில்லை, பிரமாதமாக வந்தது. ஓரமெல்லாம் பொன்னிறம், காளான் காளானாகவும் குடைமிளகாய் குடைமிளகாயாகவும் ருசித்தன. முதன்முறையாக உப்பு டப்பாவைத் தேடாமல் சாப்பிட்டேன். தகவல் சொல்ல அவரே தங்கையைக் கூப்பிட்டார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

"அப்பாடா."

இருவரும் காத்திருந்தார்கள். அங்கே ஏதோ குக்கர் விசில் அடித்தது. "சரிண்ணா, வெச்சிடட்டா?" என்றாள். "வெச்சிடு" என்றார். மீதித் துண்டைத் தட்டிலேயே நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "எல்லாம் சரியாயிடுச்சு சார்" என்றார், துக்கச் செய்தி சொல்லும் குரலில்.

இந்த ஞாயிறும் போயிருந்தேன். மின்விசிறியை நிறுத்தினார். சன்னலைச் சாத்தினார். குழாயை இறுக்கினார். வெங்காயம் பொடியானது; சோம்பேறி உருளைக்கிழங்கு வாணலிக்குப் போனது. அடுத்த பதிவு மிளகு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். மிளகு டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "மிளகு" என்று தங்கையின் குரல் தொடங்கியது.

லிஃப்ட்காரர் திரும்பிக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். தொட்டியில் கழுவ ஒரு ஸ்பூன்கூட இல்லை. அந்தப் பதிவு முடியும்வரை, எத்தனை மிளகு என்பது காதில் விழாதபடி, தண்ணீர் கொட்டும் சத்தத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு குழாயை மூடி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தங்கையின் எண்ணை அழுத்தினார்.