சிலமலையிலிருந்து போடிமெட்டுக்கு, ஒரு கொழுவோடு

போடிக்கு மறுபடி ரயில் வந்ததிலிருந்து போடிமெட்டுக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலில் போன கதையைச் சேர்த்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அது ஐம்பதுகளின் கடைசி, ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் மலைமேல், போடிமெட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரையில் மலையேறியவர் திரும்பவில்லை. அவருக்கு நெஞ்சில் காசநோய், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தனியாக வைத்து ஊசி போடுகிறார்கள், ஆள் வெளுத்துப்போய்க் கிடக்கிறார் என்று கீழே வந்த லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் ஆள் வெளுத்தால் வைத்தியம் ஒன்றுதான். கலப்பையின் நுனியில் இருக்கும் இரும்புக் கொழுவைக் கழற்றி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மோரில் முக்கி, அந்த மோரைக் குடிக்கக் கொடுப்பார்கள். இரும்பு உள்ளே போனால் ரத்தம் ஊறும் என்பது கணக்கு. மாமியார் கொழுவைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். மலையில் வேறு இரும்பா இல்லை என்று கேட்காதீர்கள். நம் நிலத்தை உழுத இரும்புதான் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம், எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

விடிந்ததும் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து மாட்டுவண்டியில் போடி வந்தேன். அங்கிருந்து போடிமெட்டு பதினாறு மைல். எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் நெருக்கியடித்து ஓர் இடம் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். மடியில் இருந்த மூட்டையை நான் விடவேயில்லை. அதில் என்ன என்று டிரைவர் கேட்டார். கொழு என்றேன்.

“மலையில ஏர் பூட்டப் போறியா ஆத்தா?” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதித் தூரத்தில் வெள்ளை மூட்டமாக மஞ்சு இறங்கியது, கீழே ஊர் மறைந்தது. என் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும், அந்தக் கையைத் தொட வேண்டும் என்பதைத் தவிர மனசில் எதுவும் இல்லை.

ஸ்டோரில் அவருடைய கூட்டாளிகள் ஏலக்காய் அடுப்பிலேயே கொழுவைக் காய்ச்சித் தந்தார்கள். மோரில் முக்கியபோது சுர்ரென்று ஆவி எழுந்தது. டம்ளரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவரைத் தனிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். வாசலில் கோடு போட்டிருந்தது, அதைத் தாண்டக் கூடாது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவரை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

டம்ளரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கக் குனிந்தேன். அப்போது மலையாளத்து டாக்டர் வந்து இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“இப்போ கொடுக்கண்டா, வேண்டாம் அம்மா. இவர் உடம்புல இரும்பு இல்லாம இல்லை. கிருமிக்குக் கிட்டக்கூடாதுன்னு உடம்பே அதை எடுத்து ஒளிச்சு வச்சிருக்கு. வெளுப்புல பாதி அதான். கிருமிக்கும் இரும்பு வேணும், இல்லாம அது பெருகாது. நீங்க கொடுத்தா அதுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கறீங்க.”

கிருமி அடங்கட்டும், அப்புறம் நானே சொல்கிறேன் என்றார். இத்தனை தூரம் மடியில் சுமந்து வந்ததை நெஞ்சுக்குள் இருக்கும் எதிரிக்கா ஊட்டப் பார்த்தேன் என்று டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அழுதுகொண்டு நின்றேன். கட்டிலிலிருந்து அவர்தான் பேசினார்.

“நீ குடி புள்ள. நீயும் வெளுத்துத்தான் இருக்க.”

நின்றபடியே குடித்தேன். அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். தொடவில்லை. கொழுவை ஸ்டோரிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த ஜீப்பில் இறங்கினேன்.

பின்னாளில் பிறந்த எங்கள் மகள் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். அவள் மிச்சத்தைச் சொன்னாள். கிருமி சும்மா காத்திருப்பதில்லையாம். இரும்பைப் பற்றிக்கொள்ளும் ஒரு பொருளைத் தானே செய்து வெளியே விடுமாம். ரத்தத்தில் இரும்பைச் சுமந்து திரியும் புரதத்திடமிருந்தே அதைப் பிடுங்கித் தூண்டில் மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். உடம்பு ஒளிக்க, அது தேட, அந்த இழுபறிதான் அன்று அவருடைய நெஞ்சுக்குள் நடந்திருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போடியிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள், மத்தியானத்துக்கு மேல் மஞ்சு வழியை மறைத்துவிடும். கம்பளி கட்டாயம். ஏறும்போது வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கொண்டுபோவதை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சத்து டானிக்கும் இதில் சேர்த்திதான்.

அடுத்த வருஷம் கிருமி போய்விட்டது, இனி கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியனுப்ப, என் வீட்டுக்காரர் மலையிறங்கி வந்தார். அன்றைக்கே கொழுவைக் காய்ச்சி மோரில் முக்கினேன். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று பழகியவர். ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார். பிறகு அதே டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

“மிச்சம் உனக்கு.”