மணல் சாக்குகளைப் பார்க்க மெம்பர்கள் வந்தது

நான் எழுதத் துணிந்தது தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் ஒரு வார்த்தை பேசக்கூட எனக்கு வராது. ஊரார் வாசிக்கும்படி எழுத உனக்கு என்ன தைரியம் என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். ஆனால், பெரிய நாடு ஒன்று தன் நேச நாட்டுக்கு விமானமும் குண்டும் விற்கப்போகிறது, விற்குமுன் அந்நாட்டுச் சபை அதை விசாரிக்கிறது என்று பேப்பரில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தச் சபைக்காரர்கள் விஷயத்தை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்? கேட்கப்பட்ட ஆள் பிறகு என்ன ஆனார்? நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்கப்பட்டவள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேருவதற்கு முந்திய காலம் அது. சட்டசபை திருவனந்தபுரத்தில் இருந்தது. குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் கறுப்பு மணலை அள்ளிச் சலித்துக் கப்பலேற்றும் கம்பெனிகள் இருந்தன. நான் எதில் வேலை செய்தேன் என்று சொல்லப்போவதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் பனையிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து கிடந்தார். இனி ஏற முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கம்பெனிக் களத்தில் கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு சாக்கு வாய் தைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அந்தக் கூலியில்தான் வீட்டில் கஞ்சி.

கறுப்பு மணல் பெயிண்டு செய்யப் போகிறது என்பார்கள். அதோடு கொஞ்சம் மஞ்சள் மணலும் கலந்து கிடக்கும். அதில்தான் அணுகுண்டுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது என்று பேச்சு. மஞ்சளைப் பிரித்துப் பூட்டி வைக்க வேண்டும், வெளியே விற்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஆனாலும் கறுப்புச் சாக்குக்குள் மஞ்சளும் போகிறது, வாங்குகிறவன் நமக்கு நேச நாடு என்பதால் மேலே இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று மீன் சந்தை வரை பேசினார்கள். உண்மையா பொய்யா என்று எங்களுக்கே தெரியாது. சாக்கை உள்கொட்டகையில் வெளியூர் ஆண்கள் நிரப்புவார்கள். எங்களை அங்கே விடமாட்டார்கள். வாய் மடித்துத்தான் எங்களிடம் வரும். தைத்தால் தீர்ந்தது. ஏன் எங்களை விடமாட்டார்கள் என்று நான் மனதுக்குள் கேட்டதுண்டு. வெளியே கேட்டதில்லை.

எங்கள் தொகுதிச் சட்டசபை மெம்பர் எங்கள் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளைக்கு கால் எப்படி இருக்கு மக்கா?"

"கம்பு ஊணி நடக்காரு அண்ணாச்சி."

"ஒண்ணு கேக்கேன், பயப்படாத. சாக்குக்குள்ள மஞ்சளும் போவுதா?"

நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். தெரிந்தால்தானே சொல்ல. தெரியாது என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். "சரி மக்கா, புரிஞ்சுது" என்று போய்விட்டார். எதைப் புரிந்துகொண்டார் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரமே டீக்கடையில் பேப்பர் வாசிக்கிறவர்கள் மூலம் செய்தி வந்தது. மெம்பர் சட்டசபையில் எழுந்து, அணுகுண்டுச் சரக்கு சபைக்குத் தெரியாமல் வெளிநாட்டுக்குப் போகிறது, அங்கே வேலை செய்கிறவர்களே என்னிடம் ஒப்புக்கொண்டார்கள் என்று பேசிவிட்டாராம். மெம்பர்கள் சிலரைக் கமிட்டியாகப் போட்டு நேரில் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கப்பல் வந்து கடலில் நங்கூரம் போட்டு நின்றது.

கங்காணி எங்களைக் களத்தில் வரிசையாக உட்காரவைத்தார்.

"ஒருத்தி போய் ஓதியிருக்கா. யாருன்னு எனக்குத் தெரியும். அவளே சொன்னா அவளுக்கு நல்லது. கப்பல் நிண்ணுபோச்சுன்னா ஒருத்திக்கும் கூலி கெடையாது, கேட்டியளா?"

என்னோடு தைக்கிறவள் ஒருத்தி, கிணற்றடியில் அன்று எனக்குப் பின்னால் நின்றவள், ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "சாக்கு வாயத் தைக்கத் தெரிஞ்சவளுக்குத் தன் வாயத் தைக்கத் தெரியல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் சொல்லல்லட்டி" என்றேன்.

"ஆமா, நீ வேதபாடமாக்கும் பேசிட்டு நிண்ணே."

அன்று முதல் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வெற்றிலை கேட்டால் தீர்ந்துபோச்சு என்றார்கள். ஒருத்தி மட்டும், அவ அப்படிப்பட்டவ இல்ல என்று எனக்காகப் பரிந்து பேசினாள். நானும் ஒவ்வொருத்தியையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். கங்காணியிடம் என்னைக் காட்டிக்கொடுத்தவள் நூல் கோத்தவளா, இல்லை எனக்காகப் பரிந்து பேசியவளா? பரிந்து பேசியவள் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

வீட்டிலும் அதே கதைதான்.

"மெம்பரு உங்கிட்ட என்னட்டி கேட்டாரு?"

"உங்க காலத்தான் கேட்டாரு."

"எங் கால கேக்கதுக்கா அவ்வளவு நேரம்?"

மஞ்சள் மணலைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "அவருக்க மச்சினன் மணல் குத்தகை கேட்டு இந்தக் கம்பெனியில ஏறி இறங்கினான், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. அது உண்மையா, யாரோ கிளப்பிவிட்டதா என்பதும் இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றிரவு மெம்பர் நாட்டுக்காகக் கேட்டாரா, மச்சினனுக்காகக் கேட்டாரா என்று ஒரு முள் எனக்குள் ஏறிவிட்டது.

கமிட்டி ஒரு நாள் காலை வெயில் ஏறினபின் இரண்டு காரில் வந்தது. தலைவர் வடக்கேயிருந்து வந்த மலையாளி, வயதானவர், பொறுமையாகப் பேசுகிறவர். எங்கள் மெம்பரும் கூட இருந்தார். மானேஜர் முன்வரிசைச் சாக்குகளைக் காட்டினார். தலைவர் அதை விட்டுவிட்டு நடுவில் கைநீட்டி மூன்று சாக்கைப் பிரிக்கச் சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. நான் தைத்த தையலை நானே அறுத்துக்கொடுத்தேன். உள்ளே கறுப்புதான். வெயிலில் பளபளத்தது.

"கண்ணுக்குக் கறுப்புதான். பரிசோதிச்சாத்தான் தெரியும்" என்றார் எங்கள் மெம்பர்.

ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் பொதிந்தார்கள். சோதனை முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை கப்பலை நிறுத்த வேண்டும் என்று மெம்பர் கேட்டார். கப்பல் சும்மா நின்றால் யார் நஷ்டம் கொடுப்பது, விற்பதோ சிநேகமான நாட்டுக்கு, என்றார் மானேஜர். தலைவர் இரண்டு பேரையும் பார்த்தார். "நிறுத்தணுமெங்கில் ஒரு காரணம் வேணும். தொழிலாளி சொன்னதாச் சொன்னீங்களே, அது யாரு?"

மெம்பர் என் பெயரைச் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவரைக் குறை சொல்லமாட்டேன். கங்காணிதான் என் பக்கம் தாடையை ஆட்டினார்.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். "பேடிக்கண்டா மோளே" என்றார், பயப்படாதே என்று அர்த்தம். "இந்த மெம்பரோடு நீ என்ன சொன்னே?"

என் கையில் ஊசி இருந்தது. ஏதோ சொன்னேன் என்றால் கப்பல் நிற்கும். என் வேலை அந்த நிமிஷமே போகும், கூட இருப்பவர்களுக்கும் கூலி இல்லை. சொல்லவில்லை என்றால் கப்பல் போகும். ஆனால் நான் சொல்லவில்லை என்பதுதானே உண்மை.

"ஒண்ணும் சொல்லல்ல சார்."

மெம்பருக்கு முகம் சிவந்தது. "இவ இல்லேன்னு சொல்லலியே! தலையக் குனிஞ்சுதானே நிண்ணா!"

மற்ற மெம்பர்களுக்குப் புரியவில்லை. எங்கள் சபையில் கல்யாண நிச்சயத்தின்போது உபதேசியார் பெண்ணைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்பார். பெண் வாயைத் திறக்கக் கூடாது. முக்காட்டை இழுத்துத் தலைகுனிந்து நின்றால் சம்மதம். இஷ்டமில்லாதவள் மட்டும்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். எனக்கும் அப்படித்தான் நிச்சயம் ஆனது. மெம்பர் அந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். மண்ணைப் பார்த்து நான் நின்ற நிலையை அப்படியே சட்டசபைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அவர் அதை விளக்கியதும் கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "இது கல்யாண ஆலோசனையோ மெம்பரே?" என்று ஒருவர் கேட்டார். மானேஜர் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அவர் அவ்வளவு சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. பயந்துகொண்டிருந்த ஆள்தான் அப்படிச் சிரிப்பான்.

மெம்பர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணைக்கே இல்லேன்னு சொல்லியிருக்கலாமே மக்கா?"

"இல்லேன்னும் எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

தலைவர் தலையாட்டினார். "அப்போ பராதி ஒண்ணும் இல்லை" என்று தன் குமாஸ்தாவிடம் சொன்னார். புகார் இல்லை என்று பொருள். நான் தெரியாது என்றேன், அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டார். முதலில் பேசாமல் இருந்தேன், ஆமாம் என்று ஆனது. இப்போது பேசினேன், அதுவும் வேறாகப் போகிறது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, காருக்குத் திரும்பியவரைப் பார்த்து, "சார்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"நாங்க வாய்தான் தைக்கோம். உள்ள நெரப்புதது வேற ஆளுவ. அவங்ககிட்ட கேட்டாத் தெரியும்."

களம் முழுக்க ஊசிகள் நின்றன. தலைவர் மானேஜரைப் பார்த்தார்.

"அவங்களுக்கு இன்னைக்கு லீவு சார்" என்றார் மானேஜர்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். அவங்க ஊர்ல ஏதோ விசேஷம்."

உள்கொட்டகையில் பூட்டுத் தொங்கியது. தலைவர் பூட்டையும் வெயிலையும் பார்த்தார். எங்கள் மெம்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு சொல்லவில்லை. ஒருதடவை சிரிப்புக்கு ஆளானவர், மறுபடியும் எப்படிப் பேசுவார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், குடித்தார்கள், கார்கள் தக்கலை ரோட்டைப் பார்த்துப் போயின. அந்த மண் பொதிகளைச் சோதித்தார்களா, என்ன தெரிந்தது என்று யாரும் வந்து எங்களிடம் சொன்னதில்லை.

மறுநாள் விடியுமுன்னே சாக்குகளை வள்ளங்களில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். உள்கொட்டகை ஆட்கள் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். கங்காணி என் கையிலிருந்து கோணி ஊசியை வாங்கிக்கொண்டு, இனி வரவேண்டாம் என்றார். மத்தியானத்துக்குமேல் கப்பல் போயிற்று.