கடைசிக் காம்பரா

கஸ்பருக்கு எண்பத்தைந்து வயது. இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசை அறைகளாகக் கட்டிய பழைய லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிறார். மண்சரிவு வரும் என்று போன மழையிலேயே மற்ற எல்லோரையும் கீழே புது வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். இவர் மட்டும் அசையவில்லை. கிழவனுக்குப் பிடிவாதம் என்றார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். இரண்டும் இல்லை. மனைவி டோரீன் திரும்பி வந்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே கதவு அதுதான்.

பிறந்த மண்ணிலேயே சிறுவயதில் நாடற்றவராக ஆக்கப்பட்டவர் கஸ்பர். அப்புறம் இரண்டு நாட்டுத் தலைவர்கள் டெல்லியில் உட்கார்ந்து எங்கள் தோட்டத்துச் சனத்தைப் பங்கு போட்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? கஸ்பரின் அப்பா பிரஜாவுரிமை கேட்டு இலங்கைக்கு எழுதிப்போட்டார். டோரீனின் அப்பா, அப்போது குமரியாக இருந்த மகளையும் சேர்த்து, இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். பிறகுதான் இருவருக்கும் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. தாலி ஏறினால் பெண் புருஷன் வீட்டுக்குச் சொந்தம், அரசாங்கமும் அப்படித்தானே பார்க்கும் என்று இருந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு வரும் இப்படி ஒரு நம்பிக்கை! போய் அவள் பெயரைக் கஸ்பரின் மனுவுக்கு மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

எண்பத்து மூன்று கலவரம் முடிந்து ஊர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தபோது டோரீனுக்கு இந்தியாவுக்குப் புறப்படச் சொல்லி உத்தரவு வந்தது. கஸ்பரின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

"நீ முன்னால போ புள்ள. அம்மா காரியம் முடிஞ்சதும் வந்துர்றேன்" என்று ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிட்டார்.

அம்மா கண்ணை மூடுவதற்குள், இந்தியாவுக்குப் போய்வந்த தலைமன்னார் கப்பல் யுத்தத்தால் நின்றுபோனது. இந்தியக் கரையில் மண்டபம் முகாமிலிருந்து டோரீனின் கடிதம் ஒன்று வந்தது. பிறகு அவளை எந்த மலைக்கு அனுப்பினார்கள் என்றே தெரியவில்லை. யுத்தம் நடந்தது, முடிந்தது. இடையில், இங்கே மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்தது. கஸ்பர் ஒரு ஆளுக்கு உலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். தனிமை அவரை அரித்துத் தின்றது.

போன மாதம், முன்பு பக்கத்துக் காம்பராவில் இருந்த சர்மிளா, பேஸ்புக்கில் விசாரித்து விசாரித்து கோத்தகிரியில் டோரீனைக் கண்டுபிடித்தாள். மேலே ஏறி வந்து, நம்பரை அழுத்திப் போனைக் கிழவர் கையில் கொடுத்தாள்.

"டோரீனு, நான் கஸ்பரு பேசுறேன்."

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகைதான் கேட்டது.

"என்னால தனியா இருக்க முடியலங்க. இங்க ஒருத்தரக் கட்டிக்கிட்டேன். மூணு புள்ளைங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்களுக்கு எழுதுவேன்?"

கஸ்பர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க இன்னுமா அந்தக் காம்பராவுல இருக்கீங்க?" என்று கேட்டாள் அவள்.

"சேச்சே, அத எப்பவோ விட்டாச்சு. எனக்கும் குடும்பம் புள்ளகுட்டி இருக்கு. மருமக இப்பதான் தேத்தண்ணி குடுத்துட்டுப் போறா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத புள்ள."

சர்மிளா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன் நின்ற பிறகும் அவர் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"கீழ எனக்குன்னு வச்ச வீடு, இன்னும் காலியாத்தான் கெடக்கா?"