பின்திரையில் ஒரு பங்கர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் பிளாக்ஹவுஸ் பேயில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பின் ஆண்டு விழாவுக்கு, சிறுவர் நாடகத்தின் பின்திரையை நான்தான் கீறினேன். ஓவியம் படித்தவள் என்றால் எல்லாரும் தலையில் கட்டுகிற வேலை இது. "பெரிசா ஒண்டும் வேண்டாம். ஒரு வீடு, ரெண்டு மரம் காணும்" என்றார்கள்.

மண்டபத் தரையில் துணியை விரித்து, கை போன போக்கில் கீறினேன். வீடு, மரம், மரத்தடியில் பங்கர். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பதுங்குகுழி. முடித்து நிமிர்ந்த பிறகுதான் அதைக் கண்டேன். சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் வீட்டை அப்படித்தான் கீறுவோம். கோட்டைக்குள் ராணுவம், வெளியே போராளி இயக்கம், நகரமே இரண்டாகக் கிடந்த காலம். பங்கர் இல்லாமல் வீடு கீறினால் பக்கத்துப் பிள்ளை பரிதாபமாகப் பார்க்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"அக்கா, இதை அழிச்சுவிடுங்கோ" என்றார் ஒரு பிள்ளையின் தகப்பன். மன்னார்க்காரர், கிளென் ஈடனில் தச்சு வேலை செய்பவர். "இதுகளைக் காட்டாமல் பிள்ளையளை வளக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்."

சுருக்கென்றது. ஏழு வயது மகளிடம் நானும் இதுவரை மூச்சு விட்டதில்லை. என் பயம் அவளுக்கும் ஒட்டிவிடுமோ என்று பயம். கண்காட்சிகளுக்குக் கடலும் பூவுமாகக் கீறித் தப்பி வந்தவள், கடைசியில் ஒரு நாடகத் துணியில் அகப்பட்டேன். வெள்ளைப் பெயின்ற் எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தால், பிள்ளைகள் தூரிகைகளோடு துணியில் ஏறியிருந்தார்கள். பங்கருக்குள் ஏற்கெனவே ஒரு சோபா, ஒரு டிவி, கொழுத்த பூனை.

"இது என்ன இடம்?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "குண்டு விழேக்க, அம்மா சின்னனில ஒளிச்சிருந்த இடம்."

"உள்ளே லைட் இருந்ததா?"

"இல்லை."

"பயமாயிருந்ததா?"

"ஓம்." அதை நான் அதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அவள் அழவில்லை, ஒதுங்கவுமில்லை. யோசித்துவிட்டு, மஞ்சளில் தூரிகையைத் தோய்த்து, பங்கர் சுவரில் சின்னதாக ஒரு யன்னல் வைத்தாள்.

"யன்னல் வைச்சால் ஷெல் துண்டு உள்ள வருமே, பிள்ளை" என்றார் அந்தத் தகப்பன், தன்னை மறந்து.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இப்போது யாரும் சுடவில்லையே, அங்கிள்?"

அவர் மெல்ல அவளருகில் முழந்தாளிட்டார். தன் மகனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"அப்ப யன்னலை இன்னும் கொஞ்சம் பெரிசாக் கீறுங்கோ" என்றார். "நானும் உள்ளுக்க இருந்தனான்."

மகளுக்கும் அந்தத் தகப்பனுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி.