ஷூக் காலோடு ஊர்த்தெருவில்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். அஞ்சாங்கிளாஸோடு சரி. பல விஷயம் மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் தங்கை மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்து கர்னல் வரைக்கும் போனவள். அவளைப் பார்த்து எத்தனையோ பேர் சல்யூட் அடித்தார்கள். அவள் எல்லைப் பக்கம் இருந்த காலத்தில், தந்திக்காரர் சைக்கிள் எங்கள் காலனிப் பக்கம் திரும்பினாலே கெட்ட சேதியோ என்று உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வேன். ரிட்டயராகி காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டாள், இனிமேல் பயமில்லை என்றிருந்தேன். கொஞ்ச நாளிலேயே எம்.பி. தேர்தலில் நின்றாள்.

மாவு மிஷினில் வரிசையில் நின்றபோது ஒருத்தர் தங்கையைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். நாங்கள் பிறந்த ஊர்க்காரர். அந்த ஊர்த்தெருவில் எங்கள் காலனி ஜனம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கும். யாரும் எழுதி வைக்கவில்லை, அப்படித்தான் நடந்தோம்.

"ஜீப்புல போறவரைக்கும் சரிப்பா. ஷூவ மாட்டிக்கினு எங்க தெருவுல எறங்கி நடந்துடுவாளா? நடந்தா, திரும்பிப் போவ கால் இருக்காது."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அரைக்காமலே அரிசியைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் கெஞ்சினேன். "அந்தத் தெருவுல மட்டும் ஷூவ கழட்டிடுமா. ஒனக்குப் புண்ணியமாப் போவுது."

"அக்கா, நீ எனக்கு ஓட்டு கேக்கறியா, அவங்களுக்கா?" என்று சிரித்தாள்.

அந்த ஊருக்கு ஓட்டுக் கேட்கப் போன அன்றைக்கு அவளைத் தனியே விட மனசில்லை. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நானும் ஜீப்பில் ஏறினேன்.

ஜீப்பிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நம்பியிருந்தேன். தெருமுனையில் வண்டி நின்றுவிட்டது. தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, தறியில் ஏற்றப்போகும் நூலை, விரித்துக் கட்டியிருந்தார்கள். பாவு விரித்த தெருவில் ஓரமாக நடக்கலாம், வண்டி போகாது. தங்கை இறங்கினாள். நானும் இறங்கினேன். இறங்கியதும் என் செருப்பு என் கைக்கு வந்துவிட்டது. எப்போது குனிந்தேன் என்றே தெரியவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, கீழ போடு. கால்ல மாட்டு."

ஆஸ்பத்திரியில் உத்தரவு போடும் குரல் அது. மாட்டிக்கொண்டேன். அவள் பின்னாலேயே ஒட்டி நடந்தேன்.

பாவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தர் எழுந்து நின்றார். மிஷினில் பேசியவரேதான். கையில் மூங்கில் கழி. தங்கையின் ஷூச் சத்தமும் அதன் பின்னால் என் செருப்புச் சத்தமும்தான் தெருவில் கேட்டது. அவருக்கு நேரே வந்ததும் தங்கை நின்று கும்பிட்டாள். அவர் அவள் ஷூவையே பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நூலு மேல கால் படாம போ," என்றார்.

"படாதுண்ணே. ஓட்டு மட்டும் என் மேல படட்டும்."

ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாரோ பெண்பிள்ளை களுக்கென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் கடைசி வீடு வரைக்கும் போய், அதே வழியாகத் திரும்பினோம். என் முதுகு முழுக்க அந்தக் கழியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தது.

தங்கை ஜெயித்து டெல்லிக்குப் போனாள். பார்லிமென்ட்டில் அவள் பேசியதை டிவியில் காட்டினார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊர்த்தெருவில் இப்போதெல்லாம் செருப்போடுதான் நடக்கிறேன். ஆனாலும் வேகமாக நடந்துவிடுகிறேன்.

தங்கையைக் கேட்டால், அது பாவுக்கு முட்டுக்கொடுக்கும் கழிதான், அவர் அதைத் தூக்கவே இல்லை என்கிறாள். தூக்கினார் என்றுதான் எனக்கு ஞாபகம். அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எது சரி என்று பார்த்துத் திருத்திவிடுங்கள்.