நட்சத்திரம் இல்லாத கட்டம்

காலியான கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சுவரில் பெயிண்ட் படாமல் விட்டுப்போன இடம் என்றால் பிரஷ்ஷை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிடலாம். ஃபாரத்தில் விட்டுப்போனால் அப்படி முடியாது. யாரோ ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார், இது ஏன் காலி என்பார், தள்ளிவிடுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னைப் போன்றவனுக்கு அந்த யாரோ ஒருவர் எப்போதும் கண் முன்னால் இருப்பார்.

சித்தூரில் எனக்குப் பெயிண்டர் வேலை. என் மனைவி மாம்பழ சீசனில் பழக்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவாள். ஒரே மகள். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படிக்கிறாள். அரசாங்கம் ஃபீஸ் கட்டுகிறது என்ற தைரியத்தில்தான் அனுப்பினோம். அது இல்லையென்றால் அவள் திரும்பி வரவேண்டியதுதான்.

அந்த உதவிக்கு விண்ணப்பிக்கிற முறை மூன்று வருஷத்தில் மூன்று விதமாக மாறியது. முதல் வருஷம் ஒரு பையன் மெஷினோடு வாசலுக்கே வந்து என் மனைவியின் கட்டைவிரலை வாங்கிக்கொண்டு போனான். பணம் அவள் கணக்குக்கு வந்தது, நாங்கள் கல்லூரியில் கட்டினோம். இரண்டாவது வருஷம் அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு கணக்கு தொடங்க வேண்டும் என்றார்கள். பாதித் தெருவே பேங்க் வாசலில் நின்றது. "போன வருஷம் கைவெரலு, இந்த வருஷம் ரெண்டு பேரு கையெழுத்து. அடுத்த வருஷம் கால் வெரலைக் கேப்பாங்க போல," என்றாள் என் மனைவி. மூன்றாவது வருஷம் அந்தக் கணக்கும் வேண்டாம் என்றானது. பணம் நேராகக் கல்லூரிக்கே போகும். விண்ணப்பம் புது வெப்சைட்டில். அதோடு, ரேஷன் கார்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தான் என்று எங்கள் வார்டு ஆபீசான சச்சிவாலயம் உறுதி செய்ய வேண்டும். பரீட்சைக்குள் உறுதி ஆகாதவர்கள் ஃபீஸைச் சொந்தமாகக் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

மகள் போனில் தெளிவாகத்தான் சொன்னாள். "நைனா, ஞாயித்துக்கெழமை லீவு. நானே போன்ல போட்டுக்கிறேன். நீ ஒண்ணும் பண்ணாத."

"சரிம்மா," என்றேன். அன்றைக்குப் புதன்.

வியாழக்கிழமை வேலை செய்கிற இடத்தில் சுவருக்குப் பட்டி பார்க்கிறவன், கடைசி தேதியை முன்னால் இழுத்துவிட்டார்களாம் என்று சொன்னான். அவனுக்கு யார் சொன்னது என்று கேட்டிருக்கலாம். நான் ஏணியிலிருந்து இறங்கி, கையில் டிஸ்டெம்பரோடு நெட் சென்டருக்குப் போனேன்.

என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. எல்லா சர்ட்டிஃபிகேட்டிலும் ஐந்தைந்து ஜெராக்ஸ் அதில் இருக்கும். நெட் சென்டர்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "அண்ணா, இண்டிபேரு?" என்றார்.

தெலுங்குக்காரர்களுக்குப் பேருக்கு முன்னால் ஒரு வீட்டுப் பேர் உண்டு. தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து வரும். அதுதான் இண்டிபேரு. தமிழ்க்காரர்களான எங்களுக்கு அது கிடையாது. நைனா பேரின் முதல் எழுத்து, அதோடு சரி. எங்கள் சர்ச் ரிஜிஸ்டரில்கூட இன்னாருடைய மகன் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் இந்தப் பக்கம் எந்த ஃபாரத்தை எடுத்தாலும் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப் ஃபாரத்திலும் இருந்தது. நைனாவைக் கேட்டுக்கொண்டு வா என்றார் வாத்தியார். நைனா சூளூர்பேட்டையில் ஒரு மாசம் பெயிண்ட் வேலையில் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டேன். அந்தக் கட்டத்தால்தான் படிப்பு போனது என்று ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குக் கணக்கும் வரவில்லை.

எங்களுக்கு இண்டிபேரு இல்லை என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். என் வாயிலிருந்து அது ஒருநாளும் வந்ததில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, நிறையப் பேருக்கு ஊர்ப் பேர்தான் இண்டிபேராக இருக்கிறது என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, வடமாலபேட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் பூர்வீக ஊரைக் கொடுத்தேன். ரேஷன் கார்டுக்கு என் நைனா பேரைக் கொடுத்தேன். அன்றைக்கு நெட் சென்டரில், பின்னால் நான்கு பேர் நிற்க, என் சொந்தப் பேரையே சொன்னேன். அவர் அடித்தார். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து, குடும்பம் உறுதி ஆகவில்லை என்று மெசேஜ் வந்தது.

சச்சிவாலயத்தில் கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, உங்க பாப்பாக்கு மூணு இண்டிபேரு இருக்கு. ஸ்கூல்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு, இதுல ஒண்ணு. எந்த வீட்டுப் பொண்ணுன்னு நான் போடறது?"

"மூணும் நான் குடுத்ததுதான் மேடம்."

"எந்துக்கு?"

"காலியா வுட்டா தள்ளிடுவாங்கன்னு."

அவள் திட்டவில்லை. ரெவின்யூ ஆபீசர் வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஒரே குடும்பம்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அப்போது பாப்பாவும் வீட்டில் இருக்க வேண்டும், அதன்பிறகு புதிதாக விண்ணப்பம் போடலாம் என்றாள். பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

மகளுக்குப் போன் செய்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"வியாழக்கெழமையே போட்டுட்டியா?"

"ஆமாம்மா."

"மூணு நாளு தாங்க முடியல உனுக்கு."

"புதங்கெழமை ராத்திரி தூக்கமே வரலம்மா."

"சரி. வெள்ளிக்கெழம சாயங்காலம் வரேன். அதுவரைக்கும் எதையும் ஃபில் பண்ணாத நைனா. யாராவது பேனா குடுத்தாக்கூட வாங்காத."

ஆபீசர் சனிக்கிழமை காலையில் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கவரைத் திறந்து ஞானஸ்நான சர்ட்டிஃபிகேட், போட்டோ, ஜெராக்ஸ் எல்லாம் எடுத்து நீட்டினேன். "உண்டண்டி, உண்டண்டி," என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அந்த அக்கா தெலுங்குக்காரர். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ்தான் அவருக்கு முதலில் வாயில் வரும். ஆபீசருக்கும் தமிழ் புரியும்.

"இந்தப் பொண்ணு இவரு பொண்ணுதானா? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "சார், காத்தால இந்தப் பாப்பா கடைக்குப் போச்சு. கேட்டைச் சாத்திட்டு நாலடி போயி, திரும்பி வந்து கொக்கியை இழுத்துப் பாத்துச்சு. மறுபடி போச்சு. மறுபடி வந்து பாத்துச்சு. இவரும் தெனம் அதேதான், மூணு வாட்டி. நான் பால் கறந்துக்கினே எண்ணுவேன். இந்தத் தெருவுல வேற யாருக்கும் அந்த வியாதி கெடையாது. அப்புறம் இது யாரு பொண்ணாம்?"

ஆபீசர் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து என் மனைவி, "அதை எழுதிடாதீங்க சார், நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்," என்றாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பழக்கம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளுக்காக வருத்தமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரே குடும்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போனார். மகள் வாசற்படியில் உட்கார்ந்து போனில் புது விண்ணப்பத்தைத் திறந்தாள். பக்கத்தில் நான். இண்டிபேரு கட்டம் வந்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"இரு நைனா. மேல பேரு கேட்டிருக்கான் இல்ல, அதும் பக்கத்துல இன்னா கீது?"

"செவப்பா ஒரு நட்சத்திரம்."

"இண்டிபேரு பக்கத்துல?"

"ஒண்ணும் இல்லியே."

"ஸ்டார் இருந்தா கட்டாயம் எழுதணும். இல்லாட்டி வுட்டுடலாம்."

அந்த நட்சத்திரத்தை எத்தனையோ ஃபாரத்தில் பார்த்திருக்கிறேன். அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன்.

"எத்தினி வருஷமா கீது இது?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கும்."

காலியாகவே விட்டு அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பச்சையாக ஒரு டிக் வந்தது.

அடுத்த வாரம், எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீசர் எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு ரயில் ஏறினேன். பாகாலாவில் ஒரு தடவை கவரைத் திறந்து பார்த்துக்கொண்டேன். கல்லூரி ஆபீசில் கிளார்க் என் காகிதத்தைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்து, "வச்சேசிந்தி," என்றார். வந்துவிட்டது. இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

மகள் ஹால் டிக்கெட்டோடு வந்தாள். "துன்னுட்டுப் போ நைனா," என்று வெளியே ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது நான் கையைத் துடைத்துவிட்டு ஹால் டிக்கெட்டைப் பார்த்தேன். ஊர்ப் பேர் இல்லை, என் நைனா பேர் இல்லை. என் பேரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு அவள் பேர்.

போன மாசம் கேஸ் சிலிண்டர் ஆபீசில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். இண்டிபேரு கட்டத்துக்கு நட்சத்திரம் இல்லை. காலியாக விட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்தவன் திரும்பிப் போய், விட்டது சரிதானே என்று கேட்டேன். சரிதான் என்றார்கள். இன்னொரு தடவை போகவில்லை.