மூடியில் வெட்டிய பேர்

கல்யாணத்துக்கு முன்னாடி என் பொண்டாட்டிக்குப் பாத்திரக் கடையில வேலை. குடமோ டம்ளரோ, மெஷின் ஊசியைப் பிடிச்சா பேரை முத்து முத்தா வெட்டிக் கொடுப்பா. கடையை மூடினதும், நான் வேலை பார்க்கிற பிஸ்கட் ஃபேக்டரிக்கே எண்ணெய் ஸ்டோர் பார்க்க வந்தா. ஏழு வருஷமா தற்காலிகம்தான். ஃபேக்டரியில அவளுக்குப் பேர் உளியக்கா. மெஷினுக்கு எண்ணெய் போடுற எனக்குப் பேர் உளியக்கா புருஷன். என்னத்தைச் சொல்ல!

எண்ணெய்ன்னா சமையல் எண்ணெய் இல்ல, செயினுக்கும் பேரிங்குக்கும் போடுறது. அதுல ரெண்டு ரகம். ஒண்ணு, தப்பித் தவறி மாவுல ஒரு சொட்டு விழுந்தாலும் ஆளை ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணு சரக்குத் தூக்குற வண்டிக்கு மட்டும், மாவு பக்கமே வரக்கூடாது. ரெண்டும் பார்க்க ஒரே தேன் கலர், ஒரே மாதிரி கேன். போதாக்குறைக்கு அடுப்புத் தட்டுல கரியைக் கழுவுற காரத் தண்ணியும் அதே கேன்ல. எந்தப் புண்ணியவான் வாங்கிப் போட்டானோ.

முதல்ல காகிதச் சீட்டு ஒட்டினாங்க. தினமும் சுடுதண்ணி பீச்சுற இடத்துல காகிதம் எங்கே தாங்கும்? ஒரே வாரத்துல சாக்கடைக்குப் போச்சு. மார்க்கர்ல எழுதினாங்க, எண்ணெய்க் கை பட்டதும் மை கையோட வந்துடுச்சு. மேஸ்திரி மட்டும் அசரல. "எனக்குச் சீட்டே வேணாம், மோந்து பார்த்தே சொல்லிடுவேன்"னு மூக்கை விடைச்சுக்குவார். சொந்த சாக்ஸ் நாத்தமே தெரியாத மூக்கு அது.

உளியக்கா பொறுப்பாளா? பரண்ல கிடந்த பேர் வெட்டுற மெஷினைத் தூக்கிட்டு வந்துட்டா. கேன் பிளாஸ்டிக், ஊசி வச்சா ஓட்டை விழும். மூடி ஸ்டீல். அதனால மூடியில வெட்டினா: "உணவுக்கு ஆகும்", "உணவுக்கு ஆகாது", "தொடாதே, பொசுக்கும்". சுடுதண்ணியும் சோப்பும் அதுகிட்ட பாச்சா பலிக்கல.

"என் நெத்தியிலயும் வெட்டிடேன், உணவுக்கு ஆகாதுன்னு"னு கிண்டல் பண்ணினேன்.

"அதை வேற எழுதணுமாங்க? பார்த்தாலே தெரியுதே"ன்னா.

மேனேஜர் மூடியைத் தடவிப் பார்த்து அசந்துட்டார். "வெள்ளிக்கிழமை உணவுப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு வர்றாங்கம்மா. நல்லபடியா முடியட்டும், மறுநாளே உனக்கு நிரந்தர ஆர்டர்"னார். அன்னிக்கு அவ சிரிச்ச சிரிப்பைக் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பார்க்கல.

வியாழக்கிழமை சாயங்காலம், கேன் எல்லாத்தையும் துடைச்சு வைன்னு மேஸ்திரி என்கிட்ட சொன்னார். மூடி எல்லாத்தையும் ஒரே வாளி சோப்புத் தண்ணியில போட்டுத் தேய்ச்சேன். கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த கேன்ல மாட்டினேன். மூடிதானே, எதுல போட்டா என்ன!

வெள்ளிக்கிழமை காலையில அவ "ஆகாது" கேனைத் தூக்கினா, தூக்கினபடியே நின்னுட்டா. "ஏங்க, வண்டி எண்ணெய் நேத்தே பாதிதானே இருந்துச்சு? இது கழுத்து வரைக்கும் இருக்கே. மூடியை எப்படிக் கழுவினீங்க?"

சொன்னேன்.

"மாவு பெல்ட் செயினுக்குக் காலையில எதை ஊத்தினீங்க?"

"ஆகும்னு வெட்டியிருந்த கேனை..." சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சு போச்சு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். "பரிசோதனைக்காரர் உள்ளே வந்தாச்சு. இப்போ வாயைத் திறந்தா ஏழு வருஷமும் தண்ணியில போயிடும். விட்டுடு."

"யார் வீட்டுப் பிள்ளை திங்கப் போகுதோ"ன்னு கையை உதறிட்டுப் போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்கினா. பெல்ட் நின்னுச்சு. பரிசோதனைக்காரர் முன்னாடியே மேனேஜர் கத்தினார். மேஸ்திரி கேனை மோந்துட்டு, "நல்ல எண்ணெய்தான் சார், ஓட்டுங்க"ன்னார்.

"ஓட்டக்கூடாது சார், பாதி இருக்கிற கேன் அது, வண்டி எண்ணெய்"னா அவ. "தப்பு என்னுது. பாத்திரக் கடையில மூடி, உடம்பு ரெண்டுலயும் பேர் வெட்டுவோம். மூடி கழண்டு போற சாமான். இங்கே எனக்குப் புத்தி போகல."

என்னைப் பத்தி மூச்சு விடல. எனக்கு அசிங்கமா இருந்துச்சு. "கழுவி மாத்தி மாட்டினது நான் சார்"னு உளறிக் கொட்டிட்டேன்.

காலை மாவு மொத்தமும் குப்பைக்குப் போச்சு. எனக்கு ஒரு வாரம் வேலை கிடையாது. அவ ஆர்டர் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போச்சு. மூணு நாள் அவ என்கிட்டப் பேசல. நாலாம் நாள் நானே போய், "திட்டவாவது திட்டேன்டி"ன்னேன். அவ ஸ்டீல் பட்டையை அளந்து வெட்டிக்கிட்டே இருந்தா.

ஒரு வாரம் கழிச்சு வேலைக்குக் கிளம்பினேன். அதுக்குள்ள ஒவ்வொரு கேன் கழுத்துலயும் ஸ்டீல் பட்டை இறுக்கி, அதுல பேர் வெட்டி முடிச்சிருந்தா. என் சாப்பாட்டு டப்பாவை நீட்டினா. மூடி வெறுமனே இருந்துச்சு. டப்பா உடம்புல புதுசா வெட்டியிருந்தா: "உணவுக்கு ஆகும்".

"இது சோத்துக்கா, எனக்கா?"ன்னு கேட்டேன்.

"மூடியை மாத்திடாம ஒழுங்கா வீடு வந்து சேருங்க"ன்னா.